சொல்லா மழலை

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர் குழவிப் பருவத்தைப் பத்தாகப் பகுத்தனர் என்பது தமிழ் கற்பார் யாவரும் அறிந்ததே. அவற்றுள் அம்புலிப் பருவம் ஒன்று. தாய் தன் மகவை இடையிற் கொண்டு முற்றத்தில் நின்று, வானத்து மதியைச் சுட்டிக் காட்டி, தன் பிள்ளையோடு விளையாட வருமாறு அதனை அழைப்பது அப்பருவத்தின் பொருள். சாமம், பேதம், தானம், தண்டம் என்னும் நால்வகை உபாயத்தாலும் மதியை அழைத்துப் பாடிப் புலவர் தம் புலமையை நிலைநாட்டுவர். யாம் ஈண்டு நோக்கக் கருதியது புலவரின் திறமையை அன்று. தாயின் விரலையும் மகவின் கண்ணையுமே. விரல் மதியைச் சுட்டுகின்றது. மகவோ விரலோடு நின்றுவிடாது, அது காட்டும் திசையே சென்று மதியைக் காண்கின்றது. கண்டபின் மீண்டு தாயின் முகத்தை நோக்கி நகைக்கின்றது. ‘யான் கண்டேன், நீயும் கண்டனையோ?’ என்பதே அந்நகையின் பொருள். ஒரு சொல்லும் பிறவாத முன்னரே ஓர் உரையாடல் ஆண்டு நடந்து முடிந்தது.

சில மனைகளில் இவ்வுரையாடல் நிகழ்வதில்லை. மகவு விரலையே பார்த்துக்கொண்டிருக்கும். அன்றி, விரலையும் பாராது, முற்றத்து விளக்கைச் சுற்றும் பூச்சியிலே கண்ணைச் செலுத்தியிருக்கும். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாது. இரண்டாம் ஆண்டு கழியும், மூன்றாம் ஆண்டும் கழியும், சொல் வாராது. “ஆண் பிள்ளை மெல்லத்தான் பேசும், இவன் அப்பனும் அப்படித்தான்” என்று பாட்டிமார் ஆறுதல் கூறுவர். அவ்வாறுதல் சிலர்க்குப் பலிப்பதுமுண்டு. பலியாத மனைகளைப் பற்றியதே இக்கட்டுரை.

எம் திருச்சபையைச் சேர்ந்த அன்னையார் ஒருவர்க்கு ஏழு வயது நிரம்பிய மகன் உளன். அவன் பேசுவதில்லை. அவனுக்கு மூன்று வயதானபோது, படம் வரைந்த அட்டைகளைக் கொண்டு அவனுக்குக் கருத்துரைக்கப் பழக்கலாமோ என்று அன்னையார் ஒருவரை வினவினராம். அட்டையைக் கொடுத்தால் பிள்ளை சோம்பிப்போய் என்றைக்கும் பேசமாட்டான் என்று விடை வந்தது. அதனை நம்பி அவர் இரண்டாண்டு அட்டையைத் தீண்டாதிருந்தார். இச்செய்தியை எமக்கு உரைத்தபோது அவர் அழவில்லை. “அந்த ரெண்டு வருஷமும் அவனுக்குத் தாகம் எடுத்திருக்குமே, தம்பி” என்று மட்டும் சொன்னார். அவ்வொரு சொல்லே எம்மை இப்பொருளைக் கற்கவும் எழுதவும் தூண்டியது.

இந்நிலைக்கு ஆட்டிசம் என்று பெயர். ‘தான்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று வந்தது இது. இதற்குத் தமிழில் மதியிறுக்கம் முதலாகச் சில பெயர்களைப் படைத்து வழங்குகின்றனர். தமிழ்ப் பெயர் வேண்டும் என்பதில் எமக்கும் ஆர்வமுண்டு. ஆயினும், மதி கட்டுண்டது என்று ஒரு பிள்ளையின் நெற்றியில் எழுதிவிடும் பெயரை விட, எழுதாத அயற்பெயரே நன்று என்பது எம் கருத்து. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணி செய்த லியோ கானர் என்பார் 1943ஆம் ஆண்டில் 11 பிள்ளைகளைக் குறித்து எழுதிய கட்டுரையே இந்நிலையைத் தெளிவாக உலகிற்கு உணர்த்தியது. அப்பதினொருவருள் எண்மர் பேசினர், மூவர் பேசவில்லை. கானர் கூறியவற்றுள் யாம் பெரிதும் எண்ணத்தக்கதாகக் கொள்வது ஒன்றுண்டு. பேசிய எண்மர்க்கும் பேச்சானது பல்லாண்டுகள் வரை தம் கருத்தைப் பிறர்க்கு உணர்த்தும் கருவியாக இருக்கவில்லை என்றார். பாட்டு, பெயர்வரிசை, செபம் முதலியவற்றை ஒப்பித்தவர்க்கும், ‘எனக்கு இது வேண்டும்’ என்று கூற இயலவில்லை. ஆகவே பேசுதல் வேறு, கருத்துணர்த்தல் வேறு. பேச்சின்றியும் கருத்துணர்த்தலாம், பேச்சிருந்தும் கருத்துணர்த்தாதிருத்தல் கூடும். இவ்வேறுபாட்டை நெஞ்சிற் கொண்டாலன்றிப் பின்வருவன விளங்கா.

இடையே ஒரு பெரும்பழியையும் கூறிச் செல்லல் வேண்டும். தாயின் அன்பு குளிர்ந்தமையால் பிள்ளை தனக்குள் ஒடுங்கிற்று என்னும் கொள்கை ஒரு காலத்து மருத்துவருள்ளும் பரவியிருந்தது. புரூனோ பெட்டல்ஹைம் என்பார் 1967இல் வெளியிட்ட நூலொன்று அதனை நாடெங்கும் பரப்பிற்று. அதற்கு மூன்றாண்டு முன்னரே, 1964இல், உளநூலறிஞரும் ஆட்டிசமுடைய ஒரு மகனின் தந்தையுமாகிய பெர்னார்டு ரிம்லண்டு, இது மூளையின் அமைப்பைச் சார்ந்ததேயன்றித் தாயின் குற்றமன்று என்று நூலெழுதி மறுத்தார். 1977இல் ஃபோல்ஸ்டீன், ரட்டர் என்னும் இருவர் 21 இரட்டையரை ஆராய்ந்து, இது பெரிதும் பிறப்பொடு வருவதே என்பதற்குச் சான்று காட்டினர். கொள்கை வீழ்ந்தது. வீழ்ந்த செய்தி எல்லாத் தெருக்களுக்கும் இன்னும் எட்டியதாகத் தெரியவில்லை. “தாய் வேலைக்குப் போனாள், அதனால் பிள்ளை பேசவில்லை” என்னும் வசையை எம் தெருவில் யாமே கேட்டிருக்கின்றோம்.

ஆட்டிசமுடையாருள் பத்தில் மூவர் அளவினர் பள்ளிப் பருவத்தும் சொல்லின்றியோ சில சொற்களோடு மட்டுமோ இருப்பர் என்பது அறிஞர் மதிப்பு. பிள்ளை பேசாவிடின் முதற்கண் செவியைச் சோதித்தல் வேண்டும். கேளாமையாற் பேசாதிருப்பதும் உண்டாதலின். செவி நன்றாயின், அடுத்த வினா: பேசாத பிள்ளை கருத்தே உணர்த்துவதில்லையோ? உணர்த்துகின்றது. தாயின் மணிக்கட்டைப் பற்றித் தண்ணீர்க் குடத்தருகே இழுத்துச் செல்லும். தாயின் கையை எடுத்துக் குடத்தின்மேல் வைக்கும். முகத்தை மட்டும் நோக்காது. கையைக் கருவியாகக் கொண்டதேயன்றிக் கைக்கு உரியாளை விளிக்கவில்லை. இவ்விடைவெளியை நிரப்புவதே பெற்றோரின் பணி. குறிப்பறிதல் என்னும் பெயரால் பொருட்பாலில் ஓர் அதிகாரமும், அதே பெயரால் காமத்துப்பாலில் மற்றோர் அதிகாரமும் வகுத்தார் திருவள்ளுவர். அரசவையார்க்கும் காதலர்க்கும் வேண்டிய அக்கலை இத்தாய்மார்க்கு நாடோறும் வேண்டியதாகின்றது. அன்றியும், பிள்ளையின் குறிப்பைத் தாம் அறிதலோடு அமையாது, பிறர்க்கும் விளங்கும் குறிப்பொன்றைப் பிள்ளைக்குக் கொடுத்தலும் அவர் கடனாகின்றது.

லூக்கா சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில் வரும் சகரியாவை நம் கல்லூரியார் அறிவர். நா எழாமற்போன அம்முதிய ஆசாரியர் ஆலயத்தினின்று வெளிவந்து சைகையாற் பேசினார். மகவுக்குப் பெயரிடும் நாளில் எழுத்துப் பலகை கேட்டு வாங்கி யோவான் என்று எழுதினார். உற்றார் வேறொரு பெயரை இட முயன்றுகொண்டிருந்தனர். தந்தையின் கருத்தை நிறுவியது பலகையே. அதன் பின்னர் அவர் நாவும் கட்டவிழ்ந்தது. அற்புதத்தை ஆராய்ச்சிக்குச் சான்றாக்குதல் முறையன்று என்பதை அறிவோம். ஆயினும் பலகை கொடுத்தமையால் அவர் நா மேலும் கட்டுண்டு போயிற்றென்று ஒருவரும் கூறார் அன்றோ?

இனிப் பலகையின் இக்கால வடிவத்தைக் காண்போம். அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் ஆண்டி பாண்டி, லோரி ஃபிராஸ்ட் என்னும் இருவர் 1985இல் ஒரு முறையை வகுத்தனர். படத்தைக் கொடுத்துப் பொருளைப் பெறும் முறை அது. தொடங்கும் விதம் நோக்கத்தக்கது. பிள்ளை பெரிதும் விரும்பும் ஒரு பொருள், பிஸ்கட்டு என்று கொள்வோம், தாயின் கையில் இருக்கின்றது. பிள்ளைக்கு முன் பிஸ்கட்டின் படம் வரைந்த ஓர் அட்டை கிடக்கின்றது. பிள்ளைக்குப் பின்னே தந்தையோ பாட்டியோ அமர்ந்திருப்பர். பிள்ளை பிஸ்கட்டை எட்டிப் பறிக்கக் கை நீட்டும்போது, பின்னிருப்பவர் ஒன்றும் பேசாது அக்கையை மெல்ல வழிநடத்தி அட்டையை எடுப்பித்துத் தாயின் உள்ளங்கையில் வைப்பிப்பர். வைத்த நொடியே தாய், ‘பிஸ்கட்டு!’ என்று சொல்லிப் பொருளைக் கொடுத்துவிடுவாள். ‘என்ன வேண்டும்?’ என்று முன்கூட்டிக் கேட்டலாகாது. கேட்டால், கேட்டாலன்றிக் கேளாத பிள்ளையாக அது பழகிவிடும். பின்னிருந்து வழிநடத்தும் கை நாளடைவில் விலகிவிடும். பின்னர்த் தாய் சற்றுத் தொலைவில் அமர்வாள். பிள்ளை அட்டையை எடுத்துக்கொண்டு அவளை நாடி வரவேண்டும். அதன்பின் இரண்டு படங்களுள் ஒன்றைத் தெரிதல், அதன்பின் ‘வேண்டும்’ என்னும் படத்தையும் சேர்த்து வாக்கியமாக்குதல் என முறை வளர்ந்து செல்லும்.

இதன் நுட்பம் படத்தில் இல்லை; கொடுத்தலில் இருக்கின்றது. குடத்தருகே தாயின் கையை இழுத்த பிள்ளைக்குத் தாய் ஒரு கருவி. அட்டையைக் கையில் வைக்கும் பிள்ளைக்கோ தாய் கேட்போள். அட்டைக்கு வேண்டுவன தடித்த காகிதம், வீட்டுப் பொருள்களின் புகைப்படம், ஒட்டி எடுக்க ஒரு வெல்க்ரோ நாடா. இவ்வளவே.

அட்டையாற் பேச்சு கெடும் என்னும் அச்சத்தை இனி ஆராய்வோம். மில்லர், லைட், ஷ்லாஸர் என்னும் மூவர் 2006இல், படம், சைகை, பேசுங்கருவி ஆகியவற்றைப் பழகிய வளர்ச்சிக் குறைபாடுடையாரைப் பற்றி அதுவரை வெளிவந்த 23 ஆராய்ச்சிகளைத் திரட்டி நோக்கினர். அவற்றுள் கண்டிப்பான முறையில் நடந்தவற்றில் இடம்பெற்றோர் 27 பேர். அவருள் ஒருவர்க்கேனும் பேச்சுக் குறையவில்லை. நூற்றுக்கு 11 பங்கினர்க்கு மாறுதல் இல்லை. 89 பங்கினர்க்குப் பேச்சு மிகுந்தது. மிகுந்தது பலர்க்குச் சிறிதளவே என்பதையும் மறையாது கூறல் வேண்டும். அட்டை பேச்சை வரவழைக்கும் மந்திரமன்று. ஆனால் கெடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை. சற்றே சிந்திப்பின் காரணமும் புலனாகும். அட்டையைக் கொடுக்குந்தோறும் பிள்ளை அப்பொருளின் பெயரை, தான் அதனை விரும்பும் அந்நொடியிலேயே, ஒரு முறை கேட்கின்றது. எம் அன்னையார் இழந்த இரண்டாண்டும் ஒரு மூடநம்பிக்கைக்கு இட்ட பலி. அதனை அவர்க்குக் கூறியவர் தீங்கு கருதிக் கூறினார் அல்லர். அதனால் தீங்கு குறைந்துவிடவும் இல்லை.

அட்டைக்கு அடுத்த படி பேசுங்கருவி. படத்தைத் தொட்டால் கருவி சொல்லை ஒலிக்கும். சென்னையில் அஜித் நாராயணன் என்னும் பொறியாளர் அமைத்த ‘ஆவாஸ்’ என்பது இவ்வகையது. இந்தியில் அப்பெயர்க்குக் குரல் என்பது பொருள். இன்று அது டேப்லெட்டில் இயங்குகின்றது, தமிழும் பேசும். கருவியின் பயனை 2014இல் கானி கசாரி முதலியோர் வெளியிட்ட ஆராய்ச்சி காட்டிற்று. 5 முதல் 8 வயது வரையுள்ள, மிகச் சில சொற்களே உடைய 61 பிள்ளைகளுக்கு ஆறு திங்கள் பயிற்சி அளிக்கப்பட்டது. பயிற்சியோடு பேசுங்கருவியும் பெற்றவர், கருவி பெறாதவரினும் மிகுதியாகத் தாமே முன்வந்து கருத்துரைத்தனர். ஐந்து வயதிற்குள் வாராதது பின்னர் வாராது என்று கை விரிப்பார்க்கு இஃதொரு விடை.

தமிழ் மாணவரேமாகிய யாம் ஈண்டு இரண்டு சொல்லிச் செல்ல விரும்புகின்றோம். கருவி ‘தண்ணீர் வேண்டும்’ என்று செந்தமிழில் ஒலிப்பின் அது வீட்டில் ஒருவர் பேசாத மொழியாகும். பிள்ளை காதாற் கேட்பதோ ‘தண்ணி வேணும்’ என்பது. செந்தமிழ்ப் பற்றுடையேம் ஆயினும், கருவியின் வாயில் பேச்சுத் தமிழே இருத்தல் வேண்டும் என்பதில் எமக்கு ஐயமில்லை. மற்றொன்று: படங்களை அடுக்கும் பிள்ளை ‘அம்மா கடை பழம்’ என்று உருபின்றி அடுக்கும். இதனைப் பிழை என்று திருத்த முந்துவார் பலர். உருபு தொக்கு நிற்பினும் பொருள் விளங்குமாயின் அதற்குத் தொகை என்று பெயரிட்டு இடங் கொடுத்தது நம் இலக்கணம். பிள்ளைக்கும் அவ்விடத்தைக் கொடுப்போம்.

கருவி எதுவாயினும், வீட்டில் நாள் முழுதும் உடனிருப்போர் பெற்றோரே. இங்கிலாந்தில் ஜானத்தன் கிரீன் முதலியோர் 152 இளம் பிள்ளைகளைக் கொண்டு நடத்தி 2010இல் வெளியிட்ட சோதனையில், பயிற்சி பிள்ளைக்கன்று, பெற்றோர்க்கு. தாயும் பிள்ளையும் விளையாடுவதைப் படம் பிடித்து, பின்னர் அப்படத்தைத் தாயோடு அமர்ந்து பார்ப்பர். ‘இந்நொடியில் அவன் உம்மைத் திரும்பிப் பார்த்தான், நீர் அப்பொழுது பொம்மையை எடுக்கக் குனிந்தீர்’ என்பது போல மெல்லச் சுட்டுவர். தாய் காணத் தவறிய குறிப்புகள் அவள் கண்ணெதிரே மீண்டும் வரும். ஆட்டிசத்தின் கடுமை அச்சோதனையில் தெளிவாகக் குறைந்ததென்று கூற இயலவில்லை. ஆனால் பெற்றோர் பிள்ளையின் நோக்கத்திற்கு இசைந்து நடத்தலும், பிள்ளை தானே பெற்றோரை அணுகுதலும் மிகுந்தன. அதே பிள்ளைகளை ஏறத்தாழ ஆறாண்டு கழித்து நோக்கியபோது கடுமையும் குறைந்திருந்ததாக 2016இல் எழுதினர். நம் நாட்டுக் கோவாவிலும் பாகிஸ்தானத்து ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளிடையே இம்முறை சோதிக்கப்பட்டது. ஆண்டுப் பயிற்சி அளித்தவர் பட்டம் பெற்ற வல்லுநர் அல்லர். பழக்கி எடுத்த எளிய பணியாளரே. நற்பயன் கண்டமை 2016இல் வெளியாயிற்று. வல்லுநரைத் தேடி நகரத்திற்கு வர இயலாத சிற்றூர்ப் பெற்றோர்க்கு இச்செய்தி எத்துணை முதன்மையானது என்பதை யாம் விரிக்க வேண்டுவதில்லை.

வீட்டில் செய்யத்தக்கவற்றுள் மிக அரியது காத்திருத்தல். வினாவை அடுக்காது, பிள்ளை நோக்கும் பொருளைத் தானும் நோக்கி, ஒரு சொல் சொல்லி, பின் வாய் மூடிப் பத்து எண்ணும் வரை பொறுத்தல். முயன்று பார்த்தோம்; நான்கு எண்ணுவதற்குள் எம் வாய் திறந்துவிட்டது.

நம்பிக்கையைக் கூறும் கட்டுரை பொய்ந்நம்பிக்கையைக் கூறாது விடல் குற்றம். 1990ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் ஒரு முறை காட்டுத்தீப்போற் பரவிற்று. பேசாத பிள்ளையின் கையை உதவியாளர் ஒருவர் தாங்கிப் பிடிக்க, அது எழுத்துப் பலகையில் விரலால் எழுத்துகளைத் தொடும். தொட்டவை அழகிய வாக்கியங்களாயின, கவிதைகளும் ஆயின. ‘அம்மா, உன்னை நேசிக்கின்றேன்’ என்பதைப் படித்த தாயின் நெஞ்சம் என்ன பாடுபட்டிருக்கும்! 1993இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்றில், நியூயார்க்கு மாநிலத்து ஸ்கெனெக்டடி நகரில் 12 பேரைச் சோதித்தனர். எழுதுவோர்க்கு ஒரு படமும் கை தாங்குவோர்க்கு வேறொரு படமும், ஒருவர் கண்டதை மற்றவர் காணாவாறு காட்டப்பட்டன. எழுதப்பட்டது கை தாங்கியவர் கண்ட படத்தின் பெயரே. தாங்கியவர் வஞ்சகர் அல்லர். தம் கையே எழுதுகின்றது என்பதை அவரும் அறியார். இம்முறையால் எழுந்த வாக்கியங்களைச் சான்றாகக் கொண்டு பெற்றோர்மீது கொடிய குற்றஞ்சாட்டி, பிள்ளைகளைப் பிரித்த வழக்குகளும் உண்டு. 1994இல் அமெரிக்க உளநூற் சங்கம் இம்முறைக்குச் சான்றில்லை என்று தீர்மானித்தது. எழுத்துப் பலகையைப் பிறர் பிடித்துக் காட்டித் தூண்டும் ஒருவகை முறையையும் பயன்படுத்த வேண்டா என்று அந்நாட்டுப் பேச்சு, செவிநூலார் சங்கம் 2018இல் அறிவுறுத்தியது. 1999இல் செக்ரிட்டின் என்னும் ஊசி மருந்தும் இவ்வாறே பொய்த்தது. மருந்தல்லாத நீரினும் அது பயன் தரவில்லை என்று தெரிந்த பின்னும் பெற்றோர் பலர் அதனை விழைந்தனர் என்பர். நகைத்தற்குரிய செய்தியன்று அது.

புதுமுறை ஒன்றைக் கேள்வியுறும் பெற்றோர் கேட்கத்தக்க வினா எளிது: விடை அறியாதவர் மட்டும் அருகிருக்கும்போதும் என் பிள்ளை விடை கூறுமோ? அட்டையை நடந்து வந்து தானே கையில் வைக்கும் பிள்ளை இச்சோதனையில் ஒவ்வொரு நாளும் தேறுகின்றது.

மெய்ந்நம்பிக்கையின் அளவு என்ன? 2013இல் வெளிவந்த ஆராய்ச்சியில், நான்கு வயதிற் கடுமையான மொழித்தாழ்வு உடையவராயிருந்த 535 பிள்ளைகளை எட்டு வயதிலும் அதற்குப் பின்னரும் நோக்கினர். நூற்றுக்கு 70 பங்கினர் சொற்றொடராற் பேசும் நிலையை அடைந்திருந்தனர். 47 பங்கினர் சரளமாகப் பேசினர். எஞ்சிய 30 பங்கினர் என்ன ஆவர் என்று எம் அன்னையார் உடனே கேட்டார். கேட்க வேண்டிய வினா அதுவே. அவர்க்குத்தான் அட்டையும் கருவியும் இன்றியமையாதன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தைக் குறைபாடுகளின் பட்டியலிற் சேர்த்ததோடு, கருத்துணர்த்தல் என்னும் சொல்லுக்குப் பேச்சையும் எழுத்தையும் மட்டுமன்றி இத்தகைய மாற்று வழிகளையும் பொருளாகக் கூறுகின்றது. பள்ளியில் ஒரு பிள்ளையின் அட்டைப் புத்தகத்தைப் பையில் மூடி வைக்கச் சொல்லும் ஆசிரியர், அப்பிள்ளையின் வாயை மூடச் சொல்கின்றார் என்பதே சட்டத்தின்படி பொருள்.

பெற்றோர் முதலில் ஆக்கும் அட்டைகள் பெரும்பாலும் உணவின் அட்டைகள். அவை வேண்டுவனவே. ஆனால் ‘வேண்டாம்’, ‘போதும்’, ‘வலிக்கிறது’ என்னும் மூன்றும் உடன் இருத்தல் வேண்டும். பல் வலிப்பதைச் சொல்ல வழியில்லாத பிள்ளை தலையைச் சுவரில் மோதும். மோதுவதைக் குணக்கேடு என்று கொள்வர். மறுக்க வழியில்லாத பிள்ளை தட்டை எறியும். எம் அன்னையாரின் மகனுக்கு ‘போதும்’ அட்டை கைவந்து இப்பொழுது நான்கு திங்கள் ஆகின்றன. சென்ற ஞாயிறன்று இக்கட்டுரையைப் படித்துக் காட்டும் பொருட்டு அவர்கள் இல்லம் சென்றோம். மூன்றாம் பக்கத்தில் இருந்தபோது அவன் எழுந்து வந்து, எம் கையிலிருந்த தாளின்மேல் அவ்வட்டையை வைத்துவிட்டு, எம் முகத்தை நிமிர்ந்து நோக்கினான். படிப்பை அவ்வளவில் நிறுத்தி விடைபெற்றோம்.